அழுத்தம் விழும் இடம்

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லை எழுத ஒன்பது எழுத்துகள் வேண்டும். சொல்லிப் பார்த்தால் அசை ஒன்றுதான். ‘ஏரியா’வுக்கு நான்கே எழுத்துகள், அசையோ மூன்று. ஆங்கிலச் சொல்லின் நீளத்தைக் கண் ஒரு கோலாலும் காது வேறொரு கோலாலும் அளக்கின்றன. காது எண்ணுவது உயிரொலிகளை. எத்தனை மெய்கள் வந்து ஒட்டிக்கொண்டாலும் உயிர் ஒன்றானால் அசையும் ஒன்றே.

இந்தக் கணக்கு தமிழுக்குப் புதிதல்ல. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவரிடம் கொடுத்து அலகிடச் சொன்னால், ஒற்றுகளைத் தள்ளிவிட்டு நேரசை ஒன்று என்றே அவரும் சொல்வார். ‘ஏரியா’வில்தான் வழி பிரிகிறது. ஏ நேர், ரியா நிரை. தமிழ் யாப்பில் இது இரண்டசைச் சீர், கூவிளம். ஆங்கிலத்திலோ ஏ, ரி, யா என்று மூன்று. குறில் ஒன்று அடுத்து வரும் உயிரோடு கைகோத்து நிரையசையாவது தமிழ் யாப்பின் தனி ஏற்பாடு. எனவே இந்தக் கட்டுரையில் அசை என்று வரும் இடத்திலெல்லாம் ஓர் உயிரும் அதைச் சுற்றி நிற்கும் மெய்களும் என்று மட்டும் கொள்க. பள்ளிக்கூடத்தில் ‘சிலபிள்’ என்று சொல்வது அதைத்தான்.

உயிரை எண்ணினால் போதும் என்றாலும், எண்ண வேண்டிய உயிரே சில சொற்களில் காணாமல் போய்விடும். ‘கம்ஃபர்டபிள்’ என்று நாம் நான்கு அசையாகச் சொல்வது ஆங்கிலேயர் வாயில் கம்ஃப்–ட–பிள் என்று மூன்றாகிறது. ‘வெஜிடபிள்’ வெஜ்–ட–பிள் ஆகிறது. ‘சாக்லேட்’டில் நடுவில் எழுதப்படும் உயிரைத் தமிழர்களும் விட்டுவிட்டார்கள், ‘வெட்னஸ்டே’யில்தான் பலர் இன்னும் விடவில்லை. அது வென்ஸ்–டே, இரண்டே அசை. ‘செக்ரட்டரி’யை பிரிட்டனில் பெரும்பாலும் மூன்றாகவும் அமெரிக்காவில் நான்காகவும் சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. ‘பாட்டில்’, ‘பட்டன்’ போன்ற சொற்களின் கடைசி அசையில் ஆங்கிலேயர் பெரும்பாலும் உயிரையே ஒலிப்பதில்லை. ல், ன் என்ற மெய்யே அசைக்கு நடுவாக நின்றுவிடுகிறது. மெய் தனித்து இயங்காது என்று படித்து வளர்ந்த நாக்கு, அங்கே ஓர் இகரத்தையோ அகரத்தையோ தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

அசை எத்தனை என்பதில் பெரிய சண்டை இல்லை. ஓர் அசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் 200 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடக்கிறது.

தமிழ் அச்சில் இந்தத் தொல்லை கிடையாது. வரி முடியும் இடத்தில் சொல்லை எந்த எழுத்திலும் முறிக்கலாம். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் அப்படி முறித்தால் பொருளே கெடும். ‘லெஜண்ட்ஸ்’ என்ற சொல் தவறான இடத்தில் உடைந்தால், வரி ஓரத்தில் காலைக் குறிக்கும் ‘லெக்’ நிற்கும், அடுத்த வரியில் ‘எண்ட்ஸ்’ தொடங்கும். படிப்பவர் தொன்மக் கதையைத் தேடி வந்து கால் நுனியில் இடறுவார்.

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பள்ளிகளில் இங்கிலாந்தின் தாமஸ் டில்வொர்த் எழுதிய எழுத்துக்கூட்டும் புத்தகம் வழக்கில் இருந்தது. அது ‘கிளஸ்டர்’ என்பதை க்ள–ஸ்டர் என்றும், ‘ஹாபிட்’ என்பதை ஹா–பிட் என்றும் பிரித்தது. ‘நேஷன்’ போன்ற சொற்களின் கடைசிப் பகுதியை இரண்டு அசையாக எண்ணியது. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இதை மாற்றினார். குழந்தை வாய்விட்டுச் சொல்லும்போது சரியான ஒலி வர வேண்டும், பிரிப்பு அதற்கு வழிகாட்ட வேண்டும் என்பது அவர் வாதம். க்ளஸ்–டர், ஹாப்–இட், நே–ஷன் என்று அவர் பிரித்தார். பின்னாளில் நீல அட்டைப் புத்தகம் என்று பெயர் பெற்ற அந்நூல் அமெரிக்கத் தலைமுறைகள் பலவற்றுக்கு முதல் பாடமாயிற்று. அந்த ஒரு முடிவின் விளைவு இன்றும் அச்சில் தெரிகிறது. ஒலியைப் பார்த்துப் பிரிப்பது அமெரிக்க மரபு; சொல்லின் பிறப்பைப் பார்த்துப் பிரிப்பது பிரிட்டிஷ் மரபு. ‘ஃபோட்டோகிராஃபி’யை பிரிட்டிஷ் அச்சகம் ஃபோட்டோ, கிராஃபி என்ற இரண்டு கிரேக்க உறுப்புகளாக வெட்டும். அமெரிக்க அச்சகம் வெட்டை ‘க்’ ஒலிக்குப் பின்னே போடும். ‘டெமாக்ரசி’க்கும் இதே கதிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகளைப் பலர் அசைப் பிரிப்பு என்று நம்புகிறார்கள். அவை அச்சுக்கோப்பவருக்கான குறிகள். வரியை எங்கே உடைக்கலாம் என்பதைச் சொல்பவை. ‘அபௌட்’ என்ற சொல்லில் இரண்டு அசை இருப்பது குழந்தைக்கும் தெரியும். மெரியம்–வெப்ஸ்டர் அகராதியில் அந்தச் சொல்லுக்குள் புள்ளியே இல்லை. ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அச்சு வழக்கு, அவ்வளவுதான் காரணம். உச்சரிப்பு தேடுபவர் அதை அடுத்து வரும் ஒலிக்குறிப்பையே பார்க்க வேண்டும்.

அச்சுக்கோப்பவர் செய்த வேலையைக் கணினிக்குக் கற்பித்தவர் ஃபிராங்க் லியாங். டொனால்ட் குனூத்தின் மாணவரான அவர், 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்காக இதையே ஆய்ந்தார். ஓர் அகராதியை அலசி, ‘இந்த எழுத்துக் கோவை வந்தால் இங்கே உடைக்கலாம், இங்கே உடைக்காதே’ என்று சொல்லும் 4,447 வடிவங்களைத் திரட்டினார். அகராதியில் உள்ள வெட்டிடங்களில் 89 சதவீதத்தை அவை கண்டுபிடித்தன. தவறு ஏறக்குறைய இல்லை. குனூத்தின் ‘டெக்’ மென்பொருளுக்கு அதன் பிறகு தேவைப்பட்ட விதிவிலக்குப் பட்டியலில் 14 சொற்கள் மட்டுமே. அவற்றுள் ‘பிரசென்ட்’, ‘புராஜெக்ட்’ இரண்டையும் உடைக்கவே கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஏன்? பரிசு என்ற பெயராக வந்தால் அது ˈப்ரெஸ்–அன்ட். முன்வை என்ற வினையாக வந்தால் ப்ரி–ˈஸென்ட். (நிமிர்ந்த சிறுகோட்டுக்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் பெறுவது, அகராதிகளும் அப்படியே குறிக்கின்றன.) எழுத்து ஒன்று, வெட்டு இரண்டு. அழுத்தம் தெரியாமல் அசையைப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஒலியியலாளர்கள் பிரிப்புக்குச் சொல்லும் முதல் விதி, தொல்காப்பியம் படித்தவருக்கு உடனே பிடிபடும். சொல்லின் முதலில் வரக்கூடிய எழுத்துகள் எவை, இறுதியில் வரக்கூடியவை எவை என்று நம் இலக்கணம் வரையறுக்கிறது. ஆங்கில அசைக்கும் அப்படி ஒரு வாசல் காவல் உண்டு. ‘ட்ல்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல் இல்லை; ஆகவே ‘அட்லஸ்’ அட்–லஸ் என்றுதான் பிரியும். ‘ட்ர்’ என்று தொடங்கும் சொற்கள் ஏராளம். ஆகவே அந்த இரண்டு மெய்யும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகலாம். ‘ங்’ அசைக்கு முதலாகாது. ‘ஹ்’ அசைக்கு இறுதியாகாது. இடையில் நிற்கும் மெய்களில் எத்தனை முடியுமோ அத்தனையும் அடுத்த அசைக்கே கொடு என்பதே விதி. ஆனால் அழுத்தம் பெற்ற அசை மெய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று ஜான் வெல்ஸ் மறுத்தார். ‘ஹாப்பி’யின் நடு மெய் முன்னசைக்கும் சொந்தம், பின்னசைக்கும் சொந்தம் என்று 1976-இல் டேனியல் கான் தம் ஆய்வேட்டில் வாதிட்டார். இந்த மூன்றாம் கருத்தே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்று தோன்றுகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருப்பதைப் போல ஒரே மெய் இரண்டு அசைக்கும் பொதுவாக இருக்கலாம். அதை வெட்டியே தீர வேண்டும் என்பது அச்சகத்தின் தேவை, வாயின் தேவை அன்று.

குழந்தைக்குப் படிக்கக் கற்பிக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது. இரண்டு மெய்கள் நடுவில் வந்தால் இடையில் வெட்டு, ஒரு மெய் வந்தால் அதற்கு முன்னே வெட்டி முதல் உயிரை நெடிலாகச் சொல் என்பது அமெரிக்க வாசிப்புப் பாடத்தின் பழைய சூத்திரம். ‘ரோபோ’ வரும்போது அது பலிக்கும். ‘ராபின்’ வரும்போது பொய்க்கும். டெவின் கெர்ன்ஸ் 2020-இல் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை வைத்து இதைச் சோதித்தார். இரட்டை மெய் விதி நன்றாக நிற்கிறது. ஒற்றை மெய் விதி, அதிலும் நீண்ட சொற்களில், நம்பத் தக்கதாக இல்லை என்று கண்டார்.

இனி அழுத்தம். அது உரக்கச் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டி. பி. ஃப்ரை 1950-களில் செயற்கைக் குரலை வைத்துச் செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. ‘சப்ஜெக்ட்’, ‘பெர்மிட்’ போன்ற இரட்டைச் சொற்களில் சத்தத்தையும் நீளத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றிக் கேட்கவைத்தார். கேட்பவர் தீர்ப்பைச் சத்தம் மாற்றியதைவிட நீளம் அதிகம் மாற்றியது; சுருதியின் ஏற்ற இறக்கம் அதையும் மிஞ்சியது. அதாவது அழுத்தம் என்பது மேடைப் பேச்சின் ஓங்கலைவிடப் பாட்டில் சுரம் நிற்பதற்கு நெருக்கமானது.

அதைவிட முக்கியம், அழுத்தம் பெறாத அசைகளுக்கு நேர்வது. அவற்றின் உயிர் தன் நிறத்தை இழந்து, வாய் சும்மா திறந்திருக்கும்போது வரும் மங்கலான அகரமாகிவிடும். அந்த ஒலிக்கு ‘ஷ்வா’ என்று ஹீப்ரு இலக்கணத்திலிருந்து வந்த பெயர். ‘பனானா’வை எழுதும்போது மூன்று இடத்திலும் ஒரே உயிரெழுத்து, சொல்லும்போது நடு எழுத்துக்கு மட்டும் முழு உயிர், மற்ற இரண்டும் ஷ்வா. ˈஃபோ–ட–க்ராஃப் என்ற சொல்லில் முதல் அசை ‘ஃபோ’. அதே அசை, ஃப–ˈடாக்–ர–ஃபி என்று அழுத்தம் இடம் மாறியவுடன், வெறும் ‘ஃப’ ஆகச் சுருங்குகிறது. சுருங்கிக் கிடந்த ‘ட’, ‘டாக்’ என்று எழுந்து நிற்கிறது. ஃபோ–ட–ˈக்ரா–ஃபிக் என்றால் மூன்றாம் அசை மேலெழும். மூன்று சொல்லிலும் எழுத்து அசையவே இல்லை.

தமிழருக்கு இதில் உள்ள இடர்ப்பாடு உண்மையானது. நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் முழு ஒலி கொடுக்கப் பழகிய வாய், ‘ஃபோட்டோகிராஃபி’யின் ஐந்து உயிரையும் சமமாக நிறுத்திச் சொல்கிறது. ஆனால் உயிரைக் குறுக்கும் பழக்கமே தமிழுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘பசு’வின் உகரம் முழு மாத்திரை, ‘பாக்கு’வின் உகரம் அரை மாத்திரை. குற்றியலுகரம் என்று பெயரிட்டு, எங்கே குறுகும், எங்கே குறுகாது என்று விதியும் வகுத்த மொழி இது. தமிழில் குறுக்கத்தை இடம் முடிவு செய்கிறது, ஆங்கிலத்தில் அழுத்தம் முடிவு செய்கிறது என்ற ஒற்றை வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால், எட்டாம் வகுப்பு மாணவருக்கும் ஷ்வா விளங்கும். இலக்கண வகுப்பில் கற்றதை ஆங்கில வகுப்பில் எடுத்துப் பயன்படுத்தும் பாடநூல்தான் அரிது.

ஃபின்னிஷ், ஹங்கேரியன், செக் மொழிகளில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். போலிஷில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தையதில். ஆங்கிலத்தில் அது ஏன் இப்படி அலைகிறது? வரலாறுதான் காரணம். பழைய ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம். அழுத்தம் வேர்ச்சொல்லின் முதல் அசையில் ஆணி அடித்தது போல நிற்கும். இன்றும் ˈஃப்ரெண்ட், ˈஃப்ரெண்ட்–லி, அன்–ˈஃப்ரெண்ட்–லி–னஸ் என்று எத்தனை ஒட்டு வந்தாலும் வேர் நகராது. 1066-இல் நார்மானியர் வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்களும், மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன், கிரேக்கச் சொற்களும் ஆயிரக்கணக்கில் குடியேறின. அவை தங்கள் அழுத்த முறையையும் கூடவே கொண்டுவந்தன. ஒரே மொழிக்குள் இரண்டு சட்டங்கள் இப்படித்தான் நுழைந்தன. நீண்ட சொற்களில் பெரும்பாலானவை இரண்டாம் சட்டத்துக்கு உட்பட்டவை.

அந்தச் சட்டம் சொல்லின் வாலைப் பார்க்கிறது. ‘–ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எ–ட்யு–ˈகே–ஷன். ‘–இக்’ என்று முடிந்தாலும் அப்படியே: ஈ–க–ˈநா–மிக். ‘–இட்டி’ என்று முடிந்தால் அதற்கு முன்னால்: இ–லெக்–ˈட்ரி–சி–டி, யூ–னி–ˈவர்–சி–டி. ‘–கிராஃபி’, ‘–லஜி’, ‘–க்ரசி’ வந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது. ‘–ஈர்’, ‘–ஈஸ்’ போன்றவை அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்: எஞ்–சி–ˈநீர், ஜா–ப–ˈநீஸ். ‘–மென்ட்’, ‘–னஸ்’, ‘–லி’, ‘–ஃபுல்’ போன்ற ஜெர்மானிய வழிப்பட்டவையும் அவற்றோடு பழகியவையும் எதையும் தொந்தரவு செய்யா. விதிவிலக்கு உண்டு. ‘அரித்மெட்டிக்’ பெயராக வரும்போது அ–ˈரித்–ம–டிக். ‘பாலிடிக்ஸ்’, ‘அராபிக்’, ‘கேத்தலிக்’ மூன்றும் முதல் அசையில். இவற்றைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்; எண்ணிக்கை அதிகமில்லை.

மருத்துவமனைச் சொற்களும் இந்த விதிக்கு நன்றாகப் படிகின்றன. ‘–ஐடிஸ்’, ‘–ஓசிஸ்’ என்ற முடிவுகளில் கடைசிக்கு முந்தைய நெடில் அழுத்தம் பெறும்: ஆர்–ˈத்ரை–டிஸ். நாம் ‘கொலஸ்ட்ரால்’ என்று மூன்றசையில் சொல்வது நான்கசைச் சொல், க–ˈலெஸ்–ட–ரால். ‘சுகர்’ என்றே தமிழ்நாடு பெயர் வைத்துவிட்ட நோய் டை–அ–ˈபீ–டீஸ்.

வால் இல்லாத சொற்களுக்கு என்ன விதி? 1968-இல் நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் எழுதிய ‘தி சவுண்ட் பேட்டர்ன் ஆஃப் இங்கிலிஷ்’, ஆங்கில அழுத்தம் பெரும்பாலும் கணிக்கக் கூடியது என்று துணிந்து சொன்னது. அதன் நடுத்தூண் பழைய லத்தீன் விதி. கடைசிக்கு முந்தைய அசை கனமானால் அழுத்தம் அதில். இலேசானால் அதற்கும் முந்தையதில். கனம் என்றால் என்ன? நெடில் இருப்பது, அல்லது குறிலுக்குப் பின் ஒற்று அடுத்திருப்பது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று அளந்த தமிழ் இலக்கணத்தின் கண்ணால் பார்த்தால் இந்த விதி சட்டென்று வெளிச்சமாகிறது. அ–ˈஜென்–ட: நடு அசையில் ஒற்று இருக்கிறது, அது கனம். அ–ˈரோ–ம: நெடில், அதுவும் கனம். அ–ˈமெ–ரி–க: ‘ரி’ தனிக் குறில், இலேசு, அழுத்தம் ஓர் அசை முன்னே போகிறது. ˈசி–ன–ம: அதே காரணம். வ–ˈனி–ல போல விதியை மீறும் சொற்கள் உண்டு. ஆனால் முன்பின் பாராத சொல்லை ஆங்கிலேயர் முதன்முறை வாசிக்கும்போது அவர் நாக்கு நாடுவது பெரும்பாலும் இந்த விதியைத்தான்.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போனபோது என்ன ஆயின என்று பார்த்தால் இது புரியும். திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபொலி’ ஆயிற்று. அதை அவர்கள் ட்ரி–சி–ˈநா–ப–லி என்றார்கள். ‘மனாபொலி’, ‘மெட்ராபொலிஸ்’ போன்ற தங்களுக்குப் பழகிய சொற்களின் அச்சில் ஊர்ப் பெயர் வார்க்கப்பட்டது. ஊர்ச் சுருட்டு அந்தப் பெயரோடேயே 1887-இல் ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில் புகைந்தது. சுருட்டு, ஷ–ˈரூட். மிளகுதண்ணீர், ம–லி–க–ˈடா–னி. கட்டுமரம், கே–ட–ம–ˈரேன்; நாம் ‘கட்’ என்று ஊன்றித் தொடங்கும் சொல்லில் அவர்கள் கடைசியில் போய் நிற்கிறார்கள்.

வினைச்சொற்களுக்கு விதி சற்று மாறும். கடைசி அசையில் நெடிலோ இரட்டை மெய்யோ இருந்தால் அழுத்தம் அங்கே: மெய்ன்–ˈடெய்ன், க–ˈலாப்ஸ், இ–ˈலெக்ட். குறிலும் ஒற்றை மெய்யும் என்றால் ஓர் அசை முன்னே: கன்–ˈசி–டர், இ–ˈமா–ஜின், டி–ˈவெ–லப். நம் ஊரில் அரசு அலுவலகம் தொட்டு ரியல் எஸ்டேட் விளம்பரம் வரை ˈடெவலப்மென்ட் என்றே புழங்கும் சொல் டி–ˈவெ–லப்–மன்ட் ஆவது இதனால்தான். ‘–மென்ட்’ ஒட்டியும் அழுத்தம் அசையவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

பெயருக்கும் வினைக்கும் அழுத்தத்தை மட்டும் மாற்றிப் பொருள் காட்டும் இரட்டைகள் பெருகிக்கொண்டே வந்த கதை சுவையானது. 1570-இல் பீட்டர் லெவின்ஸ் தொகுத்த அகராதியில் அப்படிப்பட்டவை மூன்றுதான்: அவுட்லா, ரெபெல், ரெக்கார்ட். 1934-க்குள் அவை சுமார் 150 ஆகிவிட்டன. யாரும் ஆணையிடவில்லை, ஒன்றைப் பார்த்து ஒன்று மாறியது. ˈஎக்ஸ்–போர்ட் ஏற்றுமதி, எக்ஸ்–ˈபோர்ட் ஏற்றுமதி செய். ˈகான்–டக்ட் நடத்தை, கன்–ˈடக்ட் நடத்து. எல்லாச் சொல்லும் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரிப்போர்ட்’, ‘ரிசல்ட்’, ‘மிஸ்டேக்’ போன்றவை பெயரானாலும் வினையானாலும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

அகராதி எழுதியவர்கள் இதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இலேயே அழுத்தக்குறி போட்டார். ஜான் வாக்கர் 1791-இல் முழு உச்சரிப்பு அகராதியே வெளியிட்டார். அந்நாளில் ‘பால்கனி’க்கு அழுத்தம் நடு அசையில், அது முதல் அசைக்கு நகர்ந்தபோது முதியவரான கவிஞர் சாமுவேல் ராஜர்ஸ் அதைக் கேட்கவே பிடிக்காமல் வருந்தியிருக்கிறார். இன்று ராஜர்ஸ் சொன்னபடி சொன்னால் யாருக்கும் புரியாது. நகர்வு நிற்கவும் இல்லை. ‘கான்ட்ரவர்சி’யை பிரிட்டனில் முதல் அசையிலும் சொல்கிறார்கள், இரண்டாம் அசையிலும் சொல்கிறார்கள். ‘அட்வர்டைஸ்மென்ட்’ பிரிட்டனில் அட்–ˈவர்–டிஸ்–மன்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்–வர்–ˈடைஸ்–மன்ட். ‘லேபரட்டரி’ பிரிட்டனில் ல–ˈபா–ர–ட்ரி, அமெரிக்காவில் ˈலா–ப்ர–டோ–ரி. இரண்டில் எது சரி என்று கேட்பது வீண். ஒன்றைத் தேர்ந்து அதில் நிலைப்பதே நல்லது.

இவ்வளவு பாடுபட்டு அழுத்தத்தைப் பிடிக்க வேண்டுமா? கேட்பவர் காதில் என்ன நடக்கிறது என்பதில் இதற்கு விடை இருக்கிறது. பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. ஆங்கிலப் பேச்சில் வரும் பொருட்சொற்களில் சுமார் 90 சதவீதம் வலுவான அசையில் தொடங்குகின்றன என்று ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987-இல் கணக்கிட்டார்கள். எனவே ஆங்கிலக் காது வலுவான அசை வந்தவுடன் ‘புதுச் சொல் தொடங்குகிறது’ என்று கதவைத் திறக்கிறது. பேசத் தொடங்காத குழந்தையும் இதையே செய்கிறது. 1999-இல் வெளியான பீட்டர் யூசிக் குழுவின் ஆய்வில் ஏழரை மாதக் குழந்தைகள், ‘கி–ˈடார்’ என்ற சொல்லை அடுத்து ‘இஸ்’ வந்தபோது ‘டாரிஸ்’ என்று ஒரு சொல் இருப்பதாக வெட்டிக்கொண்டன. கட்லரும் சாலி பட்டர்ஃபீல்டும் மிக மெல்லிய குரலில் ‘கன்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்’ என்று கேட்கவைத்தபோது, ஒருவருக்கு ‘தி டாக்டர் செண்ட்ஸ் ஹெர் பில்’ என்று விழுந்தது. வலுவான அசைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்து மனம் வேறு வாக்கியம் கட்டிவிட்டது.

‘செம்பொன்பதின்றொடி’ என்ற தொடரைத் தொல்காப்பிய உரைகாரர்கள் எடுத்துக்காட்டியதும் இதே நிகழ்வுக்குத்தான். செம்பு ஒன்பதின் தொடியா, செம்பொன் பதின் தொடியா? எழுத்து இரண்டுக்கும் ஒன்று. சொல்லும் இசைதான் பிரிக்கும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. பொன்னா செம்பா என்பதை ஒலியின் எடுப்பே முடிவு செய்கிறது.

இந்திய ஆங்கிலத்தை இந்த நோக்கில் முறையாக ஆய்ந்தவர் ஆர். கே. பன்சால். இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் ஹைதராபாத் ஆங்கில நிறுவனம் அவர் ஆய்வை 1969-இல் வெளியிட்டது. இந்தியர் பேசுவது பிறருக்குப் புரியாமல் போவதற்கு அழுத்தம் இடம் மாறுவது பெரிய காரணங்களுள் ஒன்று என்று அவர் கண்டார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இலக்கியம் படித்தவர்கள் பலருக்கும் டி. பாலசுப்பிரமணியன் 1981-இல் எழுதிய ஒலியியல் பாடநூல்தான் அழுத்த விதிகளின் முதல் அறிமுகம். எதிர்க்கருத்தும் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசும்போது சொல்லழுத்தம் அவ்வளவு தடையாவதில்லை, அதன் விதிகளும் கற்பிக்கக் கடினம் என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் எழுதி, கட்டாயம் கற்பிக்க வேண்டியவை என்று தாம் வகுத்த பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டார். ஜான் ஃபீல்டு 2005-இல் சோதித்தபோது, அழுத்தம் சொல்லின் முன்பக்கம் நகர்வதைவிடப் பின்பக்கம் நகர்வதே அதிகக் குழப்பம் தந்தது. வலுவான அசையில் கதவு திறக்கும் காது பற்றிச் சொன்னதோடு இது பொருந்திப் போகிறது. ˈடெவலப் என்று முன்னே தள்ளிச் சொல்பவரைப் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ‘கேரக்டர்’ என்பதில் நடு அசையை அழுத்தினால் கேட்பவர் தடுமாறுவார்.

தமிழ் வழியில் படித்து வேலைக்கு வரும் இளைஞரை அவருடைய உச்சரிப்பை வைத்து எடை போடும் வழக்கம் நேர்முகத் தேர்வு அறைகளில் இருக்கிறது. அது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி, கற்பிக்கக் கூடிய பத்துப் பன்னிரண்டு விதிகளை அவருக்குக் கற்பிக்காமல் விடுவதும் நியாயமாகாது. ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவர் காதால் கேட்டுப் பெற்றதை, மற்றவர் விதியால் பெற முடியும்.

கையாளும் முறையும் எளியது. நீண்ட சொல் வந்தால் முதலில் வாலைப் பார்க்க வேண்டும். அழுத்தம் எங்கே என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். பிறகு பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். 1935-இல் அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், நுண்ணிய மணல் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு 45 எழுத்தில் ஒரு பெயர் புனைந்தார். நீளத்துக்காகவே செய்த சொல் என்றாலும் இன்று அகராதிகளில் இருக்கிறது. பத்தொன்பது அசை. கடைசி ‘–ஓசிஸ்’: எனவே தலைமை அழுத்தம் ‘ஓ’வில். அதற்கு முன் கோ–னி–ˈஓ–சிஸ். அதற்கு முன் வால்–கே–னோ, எரிமலை. சி–லி–கோ, மணல். மை–க்ர–ஸ்கா–பிக், நுண்ணிய. அல்–ட்ர, மிக. நியூ–ம–னோ, நுரையீரல். ஆறு துண்டுகளிலும் ஒவ்வோர் அசை சிறிதே எழும். கடைசித் துண்டின் ‘ஓ’ மட்டும் ஓங்கி நீளும். இரண்டு முறை பின்னாலிருந்து கட்டிச் சொல்லிவிட்டு மூன்றாம் முறை முன்னாலிருந்து தொடங்கினால், மூச்சு வாங்காமல் ‘ஓ–சிஸ்’ வரை போய்ச் சேரலாம்.